ஒரே மாத்திரை, இரண்டு நோய்

(தாயில்பட்டி பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ஒரு மாத்திரையைப் பற்றியதாகும். பொதுக்கூட்டம் போட்டு மாத்திரையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிக்கக் கூடும். கோயிலைப் பற்றியும் ஜோசியத்தைப் பற்றியும் தப்பாக நினைத்துக் கொண்டிருக்கிறவனுக்குப் பெரும்பாலும் காசும் காலமும்தான் நஷ்டம். மருந்தைப் பற்றித் தப்பாக நினைத்துக் கொண்டிருக்கிறவனுக்கோ உயிரே நஷ்டமாகும். ஆதலால் இதைப் பேசுவதில் தவறில்லை என்றே கருதுகிறோம்.

இவ்வூருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினதும் டீக்கடையில் ஒரு பெரியவர் நம்மைத் தனியே கூப்பிட்டார். "அய்யா, எங்க சொந்தத்துல ஒரு பையனுக்கு ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்குன்னு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. கடையில இருந்த ஒருத்தர் பெட்டியைப் பார்த்துட்டு, இது எய்ட்ஸுக்குக் கொடுக்கிற மாத்திரைல்ல அப்படின்னுட்டாரு. அன்னையிலிருந்து பையன் மாத்திரையைத் தொடுறதில்ல. வீட்டுல பொண்ணு பார்க்கிற பேச்சும் நின்னு போச்சு. அவனுக்கு என்னதான்யா சீக்கு?" என்று கேட்டார். மாத்திரையின் பெயரென்ன என்று கேட்டோம். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். டெனோஃபோவிர் என்று எழுதியிருந்தது.

தோழர்களே! அந்தப் பையனுக்கு என்ன நோய் என்று நாம் டீக்கடையிலிருந்து சொல்ல முடியாது. மருந்துக் கடையிலிருந்தும் யாரும் சொல்ல முடியாது. அது ரத்தப் பரிசோதனை சொல்ல வேண்டிய விஷயமாகும். ஆனால் ஒன்று மாத்திரம் உறுதியாய்ச் சொல்லலாம். மாத்திரையின் பெயரைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதென்பது, ஒரே அரிவாளைப் பார்த்து அதை வைத்திருக்கிறவன் கதிர் அறுக்கப் போகிறானா, விறகு வெட்டப் போகிறானா என்று ஆரூடம் சொல்வது போன்றதே. டெனோஃபோவிர் எச்.ஐ.வி.க்கும் கொடுக்கப்படுகிறது, ஹெபடைடிஸ்-பி என்னும் கல்லீரல் நோய்க்கும் கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2001இல் எச்.ஐ.வி.க்கும், 2008இல் ஹெபடைடிஸ்-பிக்கும் அது அனுமதிக்கப்பட்டது. ஒரே மருந்து இரண்டு நோய்க்கு எப்படி ஆகும், அப்படியானால் இரண்டு வைத்தியமும் ஒன்றுதானா என்பதையே இன்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நோய்களைப் பார்ப்போம். எச்.ஐ.வி. நமது உடம்பின் காவற்படையாகிய வெள்ளணுக்களில் ஒரு வகையைப் பிடித்து அழிப்பது. படை அழிந்த உடம்பில் காசம் முதலிய எந்த நோயும் புகுந்து கொள்ளும். அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். 1983இல் பாரிஸ் நகரில் பிரான்சுவா பாரே-சினூசி என்னும் பெண்மணியும், லுக் மோந்தாஞே என்பவரும் மற்றவர்களும் சேர்ந்து இக்கிருமியைக் கண்டார்கள். நம் தேசத்தின் ஒழுக்கமும் கற்பும் காப்பாற்றும், இந்நோய் இங்கு வராது என்று பெரிய மனிதர்கள் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் என்னும் டாக்டரின் கீழ் படித்துக் கொண்டிருந்த நிர்மலா என்னும் பெண் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துப் போய்ச் சோதித்தார். ஆறு பேர் ரத்தத்தில் கிருமி இருந்தது. கிருமிக்குப் பண்பாடு தெரியாது என்பது அன்று தெரிந்தது.

ஹெபடைடிஸ்-பி கல்லீரலைப் பிடிப்பது. அமெரிக்க டாக்டர் புளூம்பெர்க் என்பவர் இதன் அடையாளத்தை ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் 1960களில் கண்டு, அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றார். இது பல வருஷம் ஒரு வலியும் காட்டாமல் இருந்து, பிறகு கல்லீரலைச் சுருக்கியோ, அதில் புற்றுநோயை உண்டாக்கியோ ஆளைக் கொல்லக் கூடியது. இரண்டு கிருமியும் ரத்தத்தாலும், ஆண் பெண் சேர்க்கையாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகின்றன. ஆனால் இரண்டில் எளிதாய் ஒட்டுவது எது என்று கேட்டால், எல்லோரும் பயந்து நடுங்குகிற எச்.ஐ.வி. அல்ல. கிருமியுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. ஒட்டுவது 1,000 தடவைக்கு ஏறக்குறைய 3 தடவை. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ்-பி ஒட்டுவது 100 தடவைக்கு 30 தடவை வரையும் ஆகலாம். உடம்புக்கு வெளியே அது ஏழு நாளாவது உயிரோடிருக்கும். சவரக் கத்தியும், காது குத்தும் ஊசியும், பச்சை குத்தும் ஊசியும், ஒரே ஊசியை ஊரெல்லாம் குத்துகிற போலி வைத்தியனும் இதைப் பரப்பப் போதும்.

இனி மருந்துக்கு வருவோம். இவ்விரண்டு கிருமிகளும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் பெருகுகிற வழியில் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் ஒரு கட்டத்தில் தமது எழுத்தை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்குத் திருப்பி எழுதியாக வேண்டும். அப்படி எழுதுவதற்கு இரண்டும் ஒரே மாதிரியான கருவியை வைத்திருக்கின்றன.

இதை உங்களுக்கு விளக்குவது சுலபம். இந்த வட்டாரத்தில் சரவெடிச் சரம் பின்னாத கை இல்லை. ஒரு வெடியின் திரியோடு அடுத்த வெடியின் திரியைச் சேர்த்துப் பின்னிக் கொண்டே போனால்தான் சரம் நீளும். யாரோ ஒருவன் வெடி போலவே தோற்றமுள்ள, ஆனால் திரியில்லாத ஒரு காகிதச் சுருளை நடுவில் கலந்து விட்டானென்று வைத்துக் கொள்ளுங்கள். பின்னுகிறவள் கை வேகத்தில் அதையும் எடுத்துச் சேர்த்து விடுவாள். அதற்கப்புறம் அடுத்ததைச் சேர்க்க இடமேது? சரம் அத்தோடு நின்றது. டெனோஃபோவிரும், லாமிவுடின் என்னும் மற்றொரு மருந்தும் இப்படிப்பட்ட திரியில்லா வெடிகளே. கிருமியின் எழுத்தைப் போலவே வேஷம் போட்டுக் கொண்டு உள்ளே போய், எழுத்து மேலே ஓடாமல் நிறுத்துகின்றன. இரண்டு கிருமிக்கும் கருவி ஒரே மாதிரியாய் இருப்பதால் இரண்டிடத்திலும் இந்த ஏமாற்று பலிக்கிறது. இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. பிராக் நகரத்து அந்தோனின் ஹோலி என்பவரும், பெல்ஜியத்து எரிக் டி கிளார்க் என்பவரும் பல வருஷம் உழைத்து, ரசாயனம் தெரிந்து செய்த காரியம்.

அப்படியானால் இரண்டு வைத்தியமும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இல்லை. இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முதல் வித்தியாசம், எத்தனை மருந்து என்பது. எச்.ஐ.வி. எழுதும்போது மிகுதியாய்ப் பிழை செய்கிற கிருமி. பிழைகளில் ஏதோ ஒன்று மருந்துக்குத் தப்புகிற பிழையாய் அமைந்து விடுகிறது. 1987இல் ஜிடோவுடின் என்னும் முதல் மருந்து வந்தபோது அதைத் தனியே கொடுத்தார்கள். கிருமி கொஞ்ச காலத்திலேயே தப்பக் கற்றுக் கொண்டது. 1996 வாக்கில் மூன்று மருந்தை ஒன்றாய்க் கொடுத்த பிறகுதான் சாவு குறைந்தது. இன்று அரசாங்க மையங்களில் பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கும் மாத்திரை ஒன்றுதான். ஆனால் அதற்குள் டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 என்று மூன்று மருந்து இருக்கின்றன. ஹெபடைடிஸ்-பிக்கோ டெனோஃபோவிர் ஒன்றே போதும். பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில் அதற்குத் தப்பின கிருமி ஏறக்குறைய இல்லை. 2005இல் வந்த என்டெகாவிர் என்பதையும் தனியே கொடுப்பதுண்டு.

இரண்டாவது வித்தியாசம், எந்த மருந்து எதற்கு என்பது. டோலுடெக்ராவிர், எஃபாவிரென்ஸ், நெவிராபின் ஆகியவை எச்.ஐ.வி.யை மாத்திரமே அடக்கும். கல்லீரல் கிருமியை அவை ஒன்றும் செய்யமாட்டா. லாமிவுடின் இரண்டையும் அடக்கும். ஆனால் அதை ஹெபடைடிஸ்-பிக்குத் தனியே நாலைந்து வருஷம் கொடுத்ததில் 100 பேரில் ஏறக்குறைய 70 பேருக்குக் கிருமி தப்பிக் கொண்டது. ஆகவே இன்று அதைத் தனியே நம்புவதில்லை.

மூன்றாவது வித்தியாசம், யார் சாப்பிட வேண்டும் என்பது. எச்.ஐ.வி. உண்டென்று தெரிந்தால் எல்லோருக்கும் உடனே மருந்து என்பது 2017 முதல் இந்திய அரசாங்கத்தின் கொள்கையாகும். ஹெபடைடிஸ்-பி உள்ள எல்லோருக்கும் அப்படி உடனே மருந்து தேவைப்படுவதில்லை. ரத்தத்தில் கிருமி எவ்வளவு, கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது, வயதென்ன என்று பார்த்து டாக்டர் தீர்மானிப்பார். மருந்து வேண்டாமென்று சொல்லப்பட்டவரும் அதோடு விட்டுவிடாமல், சொன்ன காலத்தில் திரும்பப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

ஆனால் இரண்டுக்கும் பொதுவாய் ஒன்று உண்டு. இம்மருந்துகள் கிருமியைப் பெருகவொட்டாமல் நிறுத்துமே தவிர வேரோடு பிடுங்குவதில்லை. எச்.ஐ.வி. நமது அணுக்களின் சொந்த எழுத்துக்குள்ளேயே தன்னை எழுதி வைத்துக் கொள்ளுகிறது. மற்றது கல்லீரல் அணுவின் உட்கருவில் ஒரு மூலப்பிரதியை ஒளித்து வைக்கிறது. மருந்தை நிறுத்தினால் அந்த மூலப்பிரதியிலிருந்து மறுபடியும் பெருகத் தொடங்கும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இனி எதுக்கு மாத்திரை?" என்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும். உடம்பு நன்றாயிருப்பது மாத்திரையினால்தான். அதிலும் ஹெபடைடிஸ்-பி மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் சில வாரத்திலோ சில மாதத்திலோ கிருமி சீறிக் கொண்டு எழுந்து கல்லீரலையே செயலிழக்கச் செய்யக் கூடும். டீக்கடைப் பெரியவர் சொன்ன பையனைப் பற்றி நாம் பயப்படுவது இதனால்தான். அவனுக்கு அபாயம் மாத்திரையின் பெயரில் இல்லை. மாத்திரையை நிறுத்தினதில் இருக்கிறது.

இனி, ஒருவருக்கே இரண்டு கிருமியும் இருக்குமானால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வழி ஒன்றாயிருப்பதால் இப்படி இருப்பது அதிசயமல்ல. அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் கல்லீரலுக்கென்று டெனோஃபோவிரைத் தனியே கொடுத்தால், எச்.ஐ.வி. அந்த ஒற்றை மருந்துக்குத் தப்பப் பழகிக் கொள்ளும். நல்ல மருந்து ஒன்று வீணாய்ப் போகும். என்டெகாவிரும் அப்படியே செய்யும் என்பது 2007இல் தெரிய வந்தது. மறுபுறம், அவருக்கு ஹெபடைடிஸ்-பி இருப்பது தெரியாமல் எச்.ஐ.வி. மருந்தை மாற்றி, டெனோஃபோவிரை எடுத்து விட்டால், அதுவரை அடங்கியிருந்த கல்லீரல் நோய் கிளம்பி விடும். ஆகவே இந்த இரண்டில் எந்த ஒன்றுக்கு மருந்து தொடங்குவதானாலும், மாற்றுவதானாலும், மற்றதற்கும் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். இரண்டும் இருந்தால் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையே போதும். ஏனெனில் அதிலுள்ள இரண்டு மருந்துகள் கல்லீரலையும் பார்த்துக் கொள்ளுகின்றன. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கக் கூடியதாதலால், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் வேண்டும். குற்றமில்லாத மருந்து என்று எதையும் நாம் சொல்ல வரவில்லை. குற்றத்தையும் குணத்தையும் அளந்து பார்த்துச் சொல்லுவதுதான் வைத்தியம்.

அளந்து பார்ப்பது என்றதும் உங்களில் பலர் மனதில் ஒரு கேள்வி இருக்கும். "காமாலைக்குக் கீழாநெல்லி இருக்கையில் இங்கிலீஷ் மாத்திரை எதற்கு?" என்பதே அது. நியாயமான கேள்வி. கீழாநெல்லி நம்முடையது என்பதற்காக நாம் அதைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். பச்சிலை என்பதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சோதித்தவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். சென்னையில் தியாகராஜன் என்னும் விஞ்ஞானியும் அவரது தோழர்களும் புளூம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ்-பி கிருமியுள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றதற்கு வெறும் பொடியும் முப்பது நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் அதன் முடிவு லான்செட் என்னும் உலகப் பிரசித்தி பெற்ற பத்திரிகையில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து முதலிய மற்ற இடங்களில் திரும்பச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இது பலனளிக்கிறதென்று நம்பத் தக்க ஆதாரமில்லை என்றே முடிவு சொன்னார்கள்.

இதனால் சென்னைக்காரர்களுக்கு அவமானம் ஒன்றுமில்லை. சோதனைக்கு வைத்தார்களே, அதுதான் பெருமை. மந்திரிக்கிறவனும், கையில் சூடு போடுகிறவனும் என்றாவது தம் வித்தையை இப்படி இரண்டு பிரிவு வைத்துப் பார்க்கச் சம்மதிப்பார்களா? சம்மதிக்க மாட்டார்கள். ஏனெனில் அவர்கள் பிழைப்பே ஓர் உண்மையை மறைப்பதில் இருக்கிறது. காமாலையில் பெரும்பாலானவை தாமே குணமாகக் கூடியவை. தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் போய் விடும். ஹெபடைடிஸ்-பியே ஆனாலும், ஆரோக்கியமான பெரியவர்களில் 100க்கு 95 பேருக்கு உடம்பே அதை விரட்டி விடும். தானாய்ப் போன நோய்க்குச் சூடு போட்டவன் தட்சணை வாங்குகிறான். போகாத நோய்க்கு உங்கள் தலைவிதி என்கிறான். மழை பெய்தால் யாகத்தால் பெய்தது, பெய்யாவிட்டால் யாகத்தில் குறை என்கிற கதைதான் இது.

"அய்யா, இம்மருந்துகள் ஏழைக்கு எட்டுமா?" என்றும் கேட்பீர்கள். எட்டாமல்தான் இருந்தது. மேல்நாட்டுக் கம்பெனிகள் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒரு வருஷத்திற்கு ஆயிரக் கணக்கான டாலர் கேட்டுக் கொண்டிருந்தன. 2001இல் பம்பாய் சிப்லா கம்பெனி ஒரு நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுக்க முன்வந்தது. அதற்கு இடம் கொடுத்தது, மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை கிடையாது என்று செய்திருந்த 1970ஆம் வருஷத்துச் சட்டம். 2005இல் அச்சட்டம் மாறின பிறகும், டெனோஃபோவிருக்குத் தனியுரிமை கேட்டதை 2009இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாய்க் கொடுத்து வருகிறது. தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி அதைத் தொடங்கின இடங்களில் ஒன்று. 2018இல் தொடங்கின தேசிய வைரஸ் கல்லீரல் நோய்த் திட்டத்தில் ஹெபடைடிஸ்-பி மருந்தும் இலவசமாய்க் கொடுக்கப்படுகிறது. ஆகவே இன்று ஏழைக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்பது பணம் மாத்திரமல்ல. வேறொன்று நிற்கிறது. அதுதான் வெட்கம்.

இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் பக்கத்துச் சாத்தூரில், அரசாங்க ஆஸ்பத்திரியில், கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது உங்களுக்குத் தெரியும். அந்த ரத்தம் கொடுத்த இளைஞர், தமக்குக் கிருமி இருப்பதை வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் அறிந்ததும், தாமே வந்து ரத்த வங்கியில் சொன்னார். யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்ன யோக்கியர் அவர். ஆனால் அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் உயிரை மாய்த்துக் கொண்டார். தோழர்களே! அவருக்கு வந்த நோய் தினம் ஒரு மாத்திரையில் அடங்கக் கூடியது. அவர் வாழ்ந்திருக்கலாம். தாய்க்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். மறு மாதம் மதுரையில் பிறந்த குழந்தைக்குக் கிருமி ஒட்டவில்லை. மருந்து தன் வேலையைச் செய்தது. நாம்தான், இந்தச் சமூகந்தான், நம் வேலையைச் செய்யவில்லை.

நோயைப் பாவத்தின் சம்பளமென்றும், முன் ஜன்மத்து வினையென்றும் நமக்குச் சொல்லிக் கொடுத்து விட்டார்கள். ஆகவே நோயாளியைக் கண்டால் முதலில் "எப்படி வந்தது?" என்று கேட்கிறோம், "மருந்து சாப்பிட்டாயா?" என்று கேட்பதில்லை. ரத்தம் ஏற்றிக் கொண்ட பெண் செய்த பாவமென்ன? பிறக்கும்போதே ஹெபடைடிஸ்-பி ஒட்டிக் கொண்ட குழந்தை செய்த வினையென்ன? ஒருவனுக்கு எப்படி வந்திருந்தால்தான் என்ன? வெடி விபத்தில் கையை இழந்தவனைப் பார்த்து, உன் ஒழுக்கம் எப்படி என்று கேட்டு விட்டா கட்டுப் போடுகிறோம்?

ஆகவே செய்ய வேண்டியதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டாக வேண்டும். பிறப்பில் ஒட்டினால் 100க்கு 90 குழந்தைகளுக்கு அது நிலைத்து விடும் என்பதால், நல்ல நாள் பார்த்துக் கொண்டிருக்க நேரமில்லை. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் போடும் அய்ந்து நோய்த் தடுப்பூசியில் இதுவும் சேர்ந்திருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அது முதலில் வந்தது. எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் ஒழுங்காய் மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவுக்கு அகப்படாமல் இருப்பவரிடமிருந்து சேர்க்கையால் அது பரவுவதில்லை. பெரியவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியிலுள்ள நம்பிக்கை மையத்திற்குப் போய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து கொள்ளலாம். அங்கேயே ஹெபடைடிஸ்-பி பரிசோதனையையும் கேளுங்கள். 1097 என்ற எண்ணில் இலவசமாய்ப் பேசிச் சந்தேகம் கேட்கலாம். சம்மதமில்லாமல் ஒருவர் நோயை வெளியில் சொல்வதையும், நோய்க்காக வேலையை விட்டு நீக்குவதையும் 2017ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டம் தடுத்திருக்கிறது.

தோழர்களே! நாம் சொன்னதினாலேயே எதையும் நம்பிவிட வேண்டாம். டாக்டரிடம் போங்கள், கேளுங்கள், உங்கள் அறிவைக் கொண்டு யோசியுங்கள். டீக்கடைப் பெரியவரிடம் நாம் சொன்னது இவ்வளவுதான். "பையனை நாளைக் காலையிலேயே மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அழைத்துக் கொண்டு போங்கள். எத்தனை நாள் நிறுத்தினான் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள். எது இருந்தாலும் மருந்து உண்டு. பெண் பார்க்கிற பேச்சைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்." அவர் போவதாகச் சொன்னார். கூட்டத்தில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால், நாளைக் காலை என்பதை மறுபடியும் நினைவூட்டிக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.